ஏன் என்று சொல்லாத எச்சரிக்கைகள்

இன்சுலின் பம்ப் அணிந்த நீரிழிவு நோயாளி, விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை எவ்வாறு கடப்பது? பம்ப் தயாரிப்பாளர்கள் தரும் பயணக் குறிப்புகள் இதற்கு விடை கூறுகின்றன. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கும் அறிவியல் மாணவனுக்குக் குழப்பமே மிஞ்சும்.

இன்சுலின் பம்ப் என்பது, சிறு மோட்டாரின் உதவியால் இன்சுலினைச் சிறுகச் சிறுகத் தோலுக்கடியில் செலுத்தும் கருவி. அதனுடன் பலர் குளுக்கோஸ் உணரி ஒன்றையும் உடலில் ஒட்டிக்கொள்கின்றனர். மெட்ரானிக், டான்டெம் ஆகிய நிறுவனங்கள் தம் பம்ப்புகளை எக்ஸ் கதிர்ச் சோதனைப் பெட்டியில் இடக்கூடாது என்கின்றன. ஆம்னிபாட் பம்ப்பைத் தயாரிப்பவர்களோ, தாராளமாக இடலாம் என்கின்றனர். இவை யாவும் மின்னணுச் சில்லுகளால் இயங்குபவையே. ஒன்றுக்கு ஆகாதது மற்றொன்றுக்கு எவ்வாறு ஆகும்? பயணிகளுக்கான சுருக்கக் குறிப்புகளில் பெரும்பாலும் காரணத்தைக் காணோம்.

சோதனைச் சாலையில் உள்ளவை மூவகைக் கருவிகள். மூன்றின் இயற்பியலும் வெவ்வேறு.

முதலாவது, உலோகங்காணி வாயில். இதில் மாறும் காந்தப்புலம் ஒன்று உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. புலம் வலிமை குன்றியது. பம்ப்புடன் இவ்வாயிலில் நடந்து செல்ல, மெட்ரானிக் உள்பட நிறுவனங்கள் இசைகின்றன.

இரண்டாவது, உடல் ஸ்கேனர். இன்று பெரிதும் வழக்கில் உள்ளது மில்லிமீட்டர் அலை ஸ்கேனர். 30 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள அலையில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஏறக்குறைய 0.00012 எலெக்ட்ரான் வோல்ட்தான். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பெயர்க்கச் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். எனவே இது எக்ஸ் கதிரைப் போல் அயனியாக்கும் கதிர்வீச்சு அன்று. உடலை எக்ஸ் கதிரால் ஆராயும் ஸ்கேனர்களும் முன்பு அமெரிக்க விமான நிலையங்களில் இருந்தன. 2013இல் அவை அகற்றப்பட்டன. இருவகை ஸ்கேனர்களையும் ஒரே சொல்லில் அடக்கி "கூடாது" என்று எழுதினால் வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் கைப்பைகளை ஆராயும் எக்ஸ் கதிர்ப் பெட்டி. ஒருமுறை அதனுள் சென்று வரும் பொருள் பெறும் கதிரளவு, பொதுவாக 1 மில்லிராட் அல்லது அதற்கும் குறைவு. இயற்கைக் கதிர்வீச்சால் நாம் ஓரிரு நாட்களில் பெறுவதும் ஏறத்தாழ இவ்வளவே. விண்ணில் சில மணி நேரம் பறந்தால் காஸ்மிக் கதிர்களே இந்த அளவைத் தந்துவிடும். சாதாரணச் சில்லுகள் நிலையாகப் பழுதடைய ஆயிரக்கணக்கான ராட் தேவை.

அப்படியானால் எச்சரிக்கை வீணா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. மொத்த அளவு சிறிதாயினும், அது சில நொடிகளில் ஒருசேரப் பாய்கிறது. மருத்துவமனை சி.டி. ஸ்கேனின் கதிர்கள் நேரே விழுந்தால் இன்சுலின் பம்ப் போன்ற மின்னணுக் கருவிகள் தவறாக இயங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008இல் எச்சரித்தது. விமான நிலையங்களிலும் சி.டி. முறைப் பெட்டிகள் இப்போது வருகின்றன. அவற்றின் கதிரளவு பழையவற்றைவிட மிகுதி. ஆகவே தயாரிப்பாளர் முன்னெச்சரிக்கையுடன் இருப்பது தவறன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. "பழுதாகக் கண்டோம்" என்பது ஒன்று. "சோதித்துப் பார்க்கவில்லை, ஆகவே தவிர்க்கவும்" என்பது வேறொன்று. இரண்டையும் "கூடாது" என்னும் ஒரே சொல்லில் அடக்குவது அறிவியல் ஆகாது, பூச்சாண்டி காட்டுவதாகும்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. எக்ஸ் கதிருக்கு அஞ்சி, இன்சுலின் குப்பிகளைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அப்பெட்டிகளும் எக்ஸ் கதிருக்குத் தப்புவதில்லை. பெரும்பாலும் அவற்றுக்கு வலிமை மிகுந்த கருவிகளே உண்டு. மேலும் சரக்கறையின் குளிரில் இன்சுலின் உறையக்கூடும். உறைந்த இன்சுலினை உருக்கினாலும் நம்ப முடியாது; எறியத்தான் வேண்டும். கைப்பையின் எக்ஸ் கதிர்ச் சோதனையோ இன்சுலினைக் கெடுப்பதில்லை. இல்லாத ஆபத்துக்கு அஞ்சியவர் உண்மையான ஆபத்தில் சிக்குகிறார்.

பம்ப்பைக் கழற்றுவதும் எளிதான செயலன்று. அதில் இருப்பது விரைந்து செயல்படும் இன்சுலின் மட்டுமே. முதல்வகை நீரிழிவு உள்ளவருக்குச் சில மணி நேரம் அது நின்றால், இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒருமுறை பிடுங்கிய குளுக்கோஸ் உணரியை மீண்டும் பொருத்தவும் இயலாது.

ஆகவே பம்ப் அணிந்தவர், சோதனை தொடங்குமுன்பே அதிகாரியிடம் அதைக் காட்டி, ஸ்கேனருக்குப் பதிலாகக் கையால் தடவிச் சோதிக்கும்படி கேட்பதே நல்லது. இன்சுலினும் மாற்று ஊசிகளும் மருத்துவர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். தம் கருவியின் தயாரிப்பாளர் சொல்வதை மீறவும் வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. எந்தக் கருவி, எந்தக் கதிர், சோதித்தோமா இல்லையா என மூன்று செய்திகளை ஒவ்வொரு எச்சரிக்கையின் கீழும் அச்சிட்டால் போதும். வரிசையில் நிற்கும் நோயாளியும் அவரைச் சோதிக்கும் அதிகாரியும் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. எழுதியவர் படித்திருந்தால் போதும்.