இது நடந்ததா?

நாவல் எழுதுகிறவனைச் சந்திக்கும் வாசகர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அது நிஜமாகவே நடந்ததா?” நடந்தது என்றால் அவர்களுக்குச் சந்தோஷம். கற்பனை என்றால், தராசில் ஏதோ குறைவாக நிறுத்துக் கொடுத்துவிட்டது போல முகம் வாடிவிடும். நானும் எத்தனையோ வருஷங்களாக இந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். சென்ற மாதம் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்த இரண்டு புத்தகங்கள் இனி அப்படிச் சிரிக்க முடியாமல் செய்துவிட்டன.

இரண்டும் அசோகமித்திரனுடையவை. ஒன்று, 1969இல் வெளிவந்த ‘கரைந்த நிழல்கள்’ நாவல். மற்றொன்று, பல வருஷங்கள் கழித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ என்ற கட்டுரைத் தொகுப்பு. நாவலை இருபது வயதில் படித்து, இதில் கதாநாயகன் யார் என்று தேடிச் சலித்து மூடி வைத்தவன் நான். கட்டுரைகளை இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறேன்.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே அநுபவம். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்த அசோகமித்திரன், தகப்பனார் காலமான பிறகு 1952இல் சென்னைக்கு வந்து, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். 1966 வரை அங்கே இருந்தார். ‘சந்திரலேகா’ எடுத்த அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. அங்கே 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயரை வைத்தார்கள். ஆனாலும் ஜனங்களின் வாயில் அது இன்னும் ஜெமினி மேம்பாலம்தான்.

பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்து வைப்பது அங்கே அவருடைய வேலை. நாள் முழுவதும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால், வேலை இல்லாதவன் என்றுதானே தோன்றும்? ஆகவே யார் வேண்டுமானாலும் அவர் அறைக்குள் நுழைந்து உபதேசம் செய்யலாம் என்று ஆகிவிட்டது. வேலை இல்லாதவனிடம்தான் ஊரார் மனம்விட்டுப் பேசுவார்கள். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் கிடைக்காது.

அப்படி வந்து பேசியவர்களில் ஒருவர் மேக்கப் இலாகாவின் ‘ஆபீஸ் பையன்’. பையனுக்கு வயது நாற்பதுக்கு மேல். கூட்டக் காட்சி இருக்கும் நாட்களில் பெரிய பாத்திரத்தில் வர்ணத்தைக் குழைத்து வரிசையாக நிற்பவர்களின் முகத்தில் அப்புவது அவர் தொழில். பெரிய நடிகராகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுகிறவராகவோ ஆகலாம் என்று வந்தவர். ஆகவில்லை. தம்முடைய துரதிர்ஷ்டத்துக்கெல்லாம் காரணம் கொத்தமங்கலம் சுப்புவே என்று அவர் தீர்மானமாக நம்பினார். ‘தில்லானா மோகனாம்பாள்’ எழுதிய அதே சுப்புதான். அந்த மனிதரின் திறமையையும் தாராள குணத்தையும் சொல்லிவிட்டு, இவ்வளவு நல்லவருக்கு ஏன் விரோதிகள் இருந்தார்கள் என்று அசோகமித்திரன் யோசிக்கிறார். சில காரணங்களைக் கேள்விகளாகவே போட்டுவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

ஆங்கிலக் கவி ஸ்டீபன் ஸ்பெண்டர் ஸ்டூடியோவுக்கு வந்து பேசிய நிகழ்ச்சியும் இதில் வருகிறது. அவர் யார், எதற்கு வந்தார், என்ன பேசினார் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் எழுதியவரும் புரியாமல் விழித்தவர்களில் ஒருவராகவே உட்கார்ந்திருக்கிறார். வெகு காலம் கழித்து, மவுண்ட் ரோடு நடைபாதையில் ஐம்பது காசுக்கு வாங்கிய ஒரு புத்தகத்தில்தான் அவருக்கு விஷயம் விளங்குகிறது.

இந்தக் கட்டுரைகளில் என்னை உறுத்திய இடம் ஒன்று. கோபக்காரியான ஒரு நல்ல நடிகை செட்டில் ஒரு நாள் வெடித்துவிடுகிறாள். அங்கே இருந்த வக்கீல் ஒருவர் ஒலிப்பதிவு யந்திரத்தை ஓடவிட்டு, அவள் கத்தியதை அவளுக்கே திருப்பிப் போட்டுக் காட்டுகிறார். தன் குரலைத் தானே கேட்ட அதிர்ச்சியிலிருந்து அவள் மீளவேயில்லை. ஒரு நடிகையின் வாழ்க்கை அத்துடன் முடிந்துவிடுகிறது. அசோகமித்திரன் இதற்குச் செலவிடுவது ஒரு சில வாக்கியங்கள்தான். அவள் பெயரையும் சொல்லவில்லை. அன்று இரவு அவள் வீட்டில் என்ன நடந்தது? கட்டுரை சொல்லாது. எழுதுகிறவர் அங்கே இல்லை. இல்லாத இடத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைகிற உரிமை நாவலுக்குத்தான் உண்டு. ‘கரைந்த நிழல்க’ளில் ஜயசந்திரிகா என்ற நடிகை படப்பிடிப்புக்கு வராமல் போகிறாள். தயாரிப்பாளர் ரெட்டியார் அவள் வீட்டுக்கே போகிறார். இவள் அந்த நடிகை என்று நான் சொல்லவில்லை. செட்டுக்கு வெளியே கிடக்கும் மனுஷியை நாவல் போய்ப் பார்க்கிறது என்றுதான் சொல்கிறேன். பணம் போட்டவருக்கும் நியாயம் இருக்கிறது, படுத்துக் கிடப்பவளுக்கும் நியாயம் இருக்கிறது. நடுவில் ஓடியாடிச் சாகிற நடராஜனைப் போன்ற புரொடக்‌ஷன் மானேஜருக்கும் இருக்கிறது. யாரோ ஒருவர் நமக்குப் பழக்கமாகும் சமயத்தில் அவரை விட்டுவிட்டு நாவல் இன்னொருவரிடம் போய்விடுகிறது. இருபது வயதில் இதைக் குறை என்று நினைத்தேன். இப்போதும் சில இடங்களில் கை நீட்டி அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும் போல இருக்கிறது. ஆனால் கூலிக்கு வந்து போகிறவர்களின் உலகத்தில் யார் யாருக்காக நிற்கிறார்கள்?

வேலையை விட்டு மூன்றே வருஷத்தில் வெளிவந்த நாவல் இது. பதினான்கு வருஷங்கள் உழைத்தவனுக்கு மனத்தில் எத்தனையோ கசப்பு இருந்திருக்கும். காகிதம் கத்தரித்த அந்த இளைஞனை நாவல் முழுவதும் தேடினேன், கிடைக்கவில்லை. அவனுடைய கசப்பையும் தேடினேன், அதுவும் கிடைக்கவில்லை. போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இங்கேதான் எனக்கு என் சித்தியின் ஞாபகம் வந்தது.

பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருஷங்கள் நான் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தேன். பின்னாளில் என் நாவல் ஒன்றில், சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு திரியும் ஒரு கணக்குப்பிள்ளை வந்தார். பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தேன். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாத்திரப் படைப்பு என்று பாராட்டி எழுதினார்கள். சித்தப்பா காலமான பிறகு ஊருக்குப் போயிருந்தபோது, சித்தி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“உன் புஸ்தகத்தைப் படித்தேனப்பா. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது. ராத்திரியில் எழுந்து சர்க்கரையைத் திருடித் தின்ற பையனை மட்டும் காணோமே!”

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

என் நாவலிலும் பையன் இல்லைதான். ஆனால் அவனுடைய கோபம் பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பையனை ஒளித்துவிட்டுப் பூட்டை மட்டும் ஊருக்குக் காட்டினேன். நாவல் என்ற மறைவில் நின்றுகொண்டு, திருப்பி ஒன்றும் சொல்ல முடியாத ஒரு மனிதர்மேல் கல் எறிந்திருக்கிறேன். வக்கீலின் யந்திரமும் பொய் சொல்லவில்லை. பதிவானது அத்தனையும் உண்மைதான். என் நாவலும் அந்த வகை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

சித்தி சொன்னதன் கனம் உறைத்த பிறகு, அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலின் கடைசிப் பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். 1977இல் வெளிவந்தது. 1948இல் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த நாட்களின் கலவரம். ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்ட இளைஞன் சந்திரசேகரனின் முன்னால், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பெண் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். அவன் ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவன். ஆனாலும் அந்தப் பெண்ணைப் பயமுறுத்தியவர்களின் கூட்டத்தில் தானும் ஒருவன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பூட்டையும் காட்டி, திருடிய பையனையும் அருகில் நிறுத்தி வைக்கிற எழுத்து இது.

“இது நடந்ததா?” என்று கேட்கும் வாசகரைக் குறைவாக நினைப்பது எங்கள் வழக்கம். அவர் கேட்பது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. கேள்வியில் ஒரு வார்த்தை மட்டும் குறைகிறது. ‘நடந்தபோது நீ எங்கே இருந்தாய்?’ என்றும் அவர் கேட்க வேண்டும்.

சித்தப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அவர் பெயரையே போட்டிருக்கிறேன். முதல் வரியில், இருட்டில் கை நிறையச் சர்க்கரையோடு ஒரு பையன் நிற்கிறான்.