கிண்ணமும் தவறணையும்

ஞாயிறு காலையில் வெள்ளவத்தைப் பக்கம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பாருங்கள். காலி வீதியில் புனித லோரன்ஸ் ஆலயத்தில் குருவானவர் உயர்த்தும் கிண்ணத்தில் இருப்பது புளித்த திராட்சை வைன், அதோடு கலந்த சில துளி தண்ணீர். மெதடிஸ்தரின் திருவிருந்து ஞாயிறு என்றால், விரலளவுக் குவளையில் வருவது வெறும் திராட்சைச் சாறு. கடைகளுக்கு மேல் மாடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் சாறுதான். இரட்சணிய சேனைக்காரரிடம் போனால் கிண்ணமே கிடையாது. கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமான கதையை நால்வரும் ஒரே யோவான் சுவிசேஷத்தில்தான் வாசிக்கிறார்கள்.

ஆகவே, கிறிஸ்தவன் குடிக்கலாமா என்று வாலிபர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், வரும் பதில் பதில் சொல்பவர் எந்தச் சபை என்பதைப் பொறுத்தது. வேதாகமமும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவதில்லை. நோவா திராட்சைத் தோட்டம் வைத்தான், குடித்தான், கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தான். 104ஆம் சங்கீதமோ மனிதனின் மனதை மகிழ்விக்கும் ரசத்துக்காகக் கடவுளைத் துதிக்கிறது. நீதிமொழிகளின் 23ஆம் அதிகாரத்தில் வரும் குடிகாரனின் கண் சிவப்பையும் தள்ளாட்டத்தையும் நம் சந்தியில் எந்தச் சனி இரவும் பார்க்கலாம். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் ரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். அதே நிருபத்தில் கண்காணியாக வருபவன் குடிகாரனாக இருக்கக்கூடாது என்றும் சொல்கிறார். நசரேயரும் ரேகாபியரும் மதுவைத் தொடாதவர்கள். ஆனால் அது அவர்களுக்கான கட்டுப்பாடு, எல்லோருக்கும் போட்ட சட்டமில்லை. வெறித்தல் பாவம் என்பதில் மட்டும் எந்தச் சபைக்கும் ஐயமில்லை.

கானாவில் இருந்தது புளிக்காத சாறுதான் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. எனக்கு அது வலிந்து சொல்வதாகவே படுகிறது. விருந்தாளிகள் நன்றாகக் குடித்த பிறகுதானே தரம் குறைந்ததை வைப்பார்கள் என்று பந்தி விசாரிப்புக்காரன் மணவாளனிடம் சொல்வது சாறுக்குப் பொருந்தாத பேச்சு. கொரிந்துச் சபையாரோ கர்த்தருடைய பந்தியிலேயே வெறித்திருந்தார்கள்.

கத்தோலிக்க மரபு இதில் பதறுவதில்லை. வெறிக்கு எதிரான நற்பண்பாக மிதத்தைத் தோமா அக்குவினா தம் பெருநூலில் தனியாகவே ஆராய்ந்தார், மதுவைக் குற்றவாளியாக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதி, திருப்பலிக்கு வேண்டியது திராட்சைக் கனியிலிருந்து வந்த, கெட்டுப்போகாத இயற்கை வைன் என்கிறது. குடிநோய் போன்ற காரணங்களால் மதுவைத் தொட முடியாதவருக்கு மட்டும், ஆயரின் அனுமதியோடு, புளிப்பு ஏறத் தொடங்கிய கட்டத்திலேயே நிறுத்தப்பட்ட 'முஸ்தும்' என்ற சாறு உண்டு; 2003இல் ரோமிலிருந்து வந்த சுற்றறிக்கை இதைத் தெளிவாக்கியது. மறைக்கல்வி நூலின் 2290ஆம் பத்தி, குடித்துவிட்டு வீதியில் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குபவரைக் கடுமையாகவே சாடுகிறது. முழு விலக்கு இங்கே நேர்ச்சையாகத்தான் வரும். அயர்லாந்தில் 1838இல் மத்தேயு அடிகள் தொடங்கிய இயக்கம் அப்படிப்பட்டதே. கொட்டாஞ்சேனையில் தவக்காலம் நாற்பது நாளும் போத்தலைத் தொடாத ஆண்கள் இருக்கிறார்கள். உயிர்ப்பு ஞாயிறு பகல் சாப்பாட்டோடு அந்த நேர்ச்சை முடிந்துவிடும் என்பதும் அந்த ஒழுங்கைகளில் எல்லோருக்கும் தெரிந்ததே.

சீர்திருத்தச் சபைகளின் தொடக்கமும் குடிக்கு எதிரானதல்ல. லூத்தரின் மனைவி கத்தரீனா வீட்டில் பியர் காய்ச்சினார். கல்வினுக்கு ஜெனீவா நகரம் கொடுத்த ஊதியத்தில் திராட்சரசப் பீப்பாய்களும் சேர்த்தி. 1757இல் திறக்கப்பட்ட வுல்வெண்டால் ஆலயம் அந்த மரபைக் கொழும்புக்குக் கொண்டுவந்த ஒல்லாந்தருடையது. அதே ஒல்லாந்தர்தான் சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தவர்களும். அங்கிலிக்கன் சபை 1888இல் லாம்பெத்தில் கூடியபோது, திருவிருந்துக் கிண்ணத்தில் புளிக்காத சாறு ஊற்றுவது ஆண்டவர் காட்டிய வழியன்று என்றே தீர்மானித்தது. மதுவிலக்கு அலை இங்கிலாந்தெங்கும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த அலையின் ஊற்றுக்கு மெதடிஸ்தரிடம்தான் போக வேண்டும். 1743இல் ஜோன் வெஸ்லி தம் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளில், வெறிக்கு அடுத்ததாக வடித்த மதுவை வாங்குவதும் விற்பதும், அதன் பின்னரே அதைக் குடிப்பதும் தடுக்கப்படுகின்றன. மிக அவசரத் தேவைக்கு மட்டும் விலக்கு. வைனும் 'ஏல்' என்ற பியரும் குடித்த வெஸ்லியின் கோபம் ஜின் போன்ற வடிமதுவின் மேல்தான் இருந்தது. பணத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி 1760இல் வெளிவந்த பிரசங்கத்தில், அதை விற்று வாழ்வோரை ஊருக்கே நஞ்சூட்டுவோர் என்றார். அவர்கள் மாளிகைகளில் இரத்தம் ஒட்டியிருக்கிறது என்ற பொருளில் பேசினார். முழு விலக்கு நூறு வருடம் கழித்து வந்தது. 1869இல் அமெரிக்காவில் தோமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்தப் பல்வைத்தியர் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் வழியைத் திருவிருந்துக்கென்றே கண்டார். அது பின்னர் பெரிய வியாபாரமாயிற்று என்பது வேறு கதை. பிரித்தானிய மெதடிஸ்தச் சட்டம் இன்றும் திருவிருந்தில் மதுவற்ற ரசத்தையே கேட்கிறது. 1814இல் காலியில் இறங்கிய மிஷனரிமார் வழியாக வந்த இலங்கை மெதடிஸ்தரின் வேரும் இதுவே.

இரட்சணிய சேனை 1883இல் கொழும்புக்கு வந்தது. அதே வருடத்தில்தான் அதன் தலைவர் வில்லியம் பூத் திருவிருந்தையே கைவிட்டார். காரணங்களில் ஒன்று எளியது: குடியிலிருந்து மீட்டெடுத்த மனிதனின் மூக்கருகே மறுபடி வைனைக் கொண்டுபோகலாமா? சேனையில் சிப்பாயாகச் சேர்பவர் மதுவைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். 1920களில் பாஸ்டர் பவுலும் அல்வினும் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனும், பின்னர் பெருகிய மற்றைய பெந்தெகொஸ்தே சபைகளும் குடி விஷயத்தில் இடைவெளி விடுவதில்லை. இந்தக் கண்டிப்பைப் பழைய சபைக்காரர் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். சம்பள நாளன்று புருஷன் வீடு வந்து சேரும் முன் கையிலிருந்த காசில் பாதி தவறணையில் போய்விடும் குடும்பத்துப் பெண்ணுக்கு, 'அளவோடு குடி' என்ற போதனையால் ஒரு கொத்து அரிசியும் வராது. சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர் தன் கால்போத்தல் நாட்களைச் சொல்லும்போது, பின்வரிசையில் அவருடைய மனைவி தலை குனிந்திருப்பதைப் பார்த்தவர்கள் அந்தச் சபைகளை அவ்வளவு எளிதாகச் சிரித்துத் தள்ள மாட்டார்கள்.

நியமங்கள் எல்லாம் நத்தார் மாதத்தில் குசினிக்குள் வந்து சோதிக்கப்படும். நம்மூர்க் கிறிஸ்மஸ் கேக்குக்குக் கஜு, நீற்றுப்பூசணித் தோசி, சௌசௌ, முந்திரிகைவற்றல் எல்லாவற்றையும் பொடியாக வெட்டி, பிரண்டி ஊற்றி, மூடி இறுக்கிய போத்தலில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். பறங்கியர் வீடுகளிலிருந்து வந்த 'மில்க் வைன்' பாலைச் சாராயத்தில் திரைய வைத்து, துணியில் வடித்தெடுப்பது. கண்டிப்பான வீடுகளில் பிரண்டிக்குப் பதில் தோடம்பழச் சாறும் கூடுதல் பன்னீரும். விருந்தாளிக்கு இஞ்சி பியர். பெயரில் பியர் இருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கேக் துண்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, 'இதில் போட்டிருக்கா?' என்று கேட்கும் பாஸ்டருக்கு உண்மையைச் சொல்வதா என்று தடுமாறிய அக்காமார் எல்லாச் சபையிலும் உண்டு.

இந்த ஊரில் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் பௌத்தர், சைவர், முஸ்லிம்கள் நடுவே வாழ்கிறோம். பஞ்ச சீலத்தில் ஐந்தாவது மதுவிலக்கு; போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்துக்குப் பௌத்த மறுமலர்ச்சிதான் முதுகெலும்பு. அதன் பேச்சாளர்கள் குடியைத் துரைமாரோடும் அவர்கள் மதத்தோடும் சேர்த்தே ஏசினார்கள். குடித்தால் கிறிஸ்தவன் என்ற அந்த எண்ணம் நம் அயலில் இன்னும் முழுதாகப் போகவில்லை. சகோதரன் இடறும்படி மாம்சம் புசிப்பதும் ரசம் குடிப்பதும் ஆகாது என்று ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியபோது சபைக்குள்ளிருந்த பலவீனரை நினைத்தார். கொழும்பில் அந்த அதிகாரத்தை வாசிப்பவர் மதிலுக்கு அப்பாலிருக்கும் வீட்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

நான் அதிகம் யோசிப்பது கிண்ணத்தைப் பற்றியல்ல, காணிக்கைப் பெட்டியைப் பற்றி. இத்தனை சபைகளின் நியமங்களும் குடிப்பவரைப் பிடிக்கின்றன. விற்பவரைப் பிடித்தது வெஸ்லியின் விதி. ஆங்கிலேயர் காலத்தில் சாராயக் குத்தகை ஏலத்தில் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் புதிய செல்வர் பலர் அதில்தான் எழுந்தார்கள் என்பதை ஆய்வாளர் குமாரி ஜயவர்தன தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அவர்களில் கிறிஸ்தவர் நிறையப் பேர். மொறட்டுவையில் 1860இல் அர்ச்சிக்கப்பட்ட பரிசுத்த இம்மானுவேல் ஆலயம், அப்படிச் சாராயக் குத்தகையில் முன்னேறிய ஜெரோனிஸ் டி சொய்சா கட்டிக் கொடுத்தது. அவர் ஊருக்குச் செய்த நன்மைகள் பெரியவை, அதில் கேள்வியில்லை. ஆனால் அந்தக் காசு எத்தனை தவறணைகளின் வாசலைத் தாண்டி வந்தது என்று அன்று எந்த ஆயரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்றைக்குச் சாராயக் குத்தகை இல்லை. அனுமதிப்பத்திரமும் கம்பனிப் பங்குகளும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு மது விற்பதையும் மது விளம்பரத்தையும் தடைசெய்தது. நம் சபை மண்டபங்களை வாடகைக்கு எடுப்பவரிடம் மது பரிமாறக்கூடாது என்று கையெழுத்து வாங்கும் சபைகள் உண்டு, நல்ல விதி. அதே மண்டபத்துக்குக் கூரை போட நன்கொடை வரும்போது, பணம் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று கேட்கும் படிவம் நம்மிடம் இல்லை. வெஸ்லியின் 1743 விதி விற்பதையும் குடிப்பதையும் ஒரே வரியில் வைத்திருந்தது. சபைகளின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும், பொருளாளரிடம் அந்த வரியை யாராவது நினைவூட்டலாம்.