கணினித் திரைகளின் எதிர்காலமும் சில்லு நிறுவனங்களின் போட்டியும்

கணினித் திரைகளின் எதிர்காலம் என்றதும் ஓஎல்இடி, மைக்ரோ எல்இடி போன்ற புதிய திரை வகைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு திரை எவ்வளவு சிறப்பாக இயங்கும், எத்தனை ஆண்டுகள் பயன்படும் என்பதில் அதற்குப் படத்தை அனுப்பும் வரைகலைச் சில்லுக்கும் பெரும் பங்கு உண்டு. 2013-இல் தொடங்கிய ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் போட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சிக்கல் என்ன?

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை, அதாவது ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை, படத்தைப் புதுப்பிக்கிறது. வரைகலைச் சில்லு அவ்வாறு சீராக இயங்குவதில்லை. எளிய காட்சியை விரைவாக வரைந்துவிடும். சிக்கலான காட்சிக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். திரை ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போது அடுத்த படம் வந்துவிட்டால், மேலே பழைய படமும் கீழே புதிய படமுமாகக் காட்சி கிழிந்தது போலத் தெரியும். இதைத் தடுக்கும் வி-சிங்க் முறை, திரை தயாராகும்வரை புதிய படத்தைக் காக்க வைக்கிறது. அதனால் காட்சி திணறும். விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையே தாமதமும் கூடும். படம் எப்போது தயாராகிறதோ அப்போதே திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே சரியான தீர்வு. இதனை மாறும் புதுப்பிப்பு வீதம் என்பர்.

இரு வழிகள்

என்விடியா 2013 அக்டோபரில் ஜி-சிங்க் தொழில்நுட்பத்தை அறிவித்தது. திரைக்குள் வழக்கமாக இருக்கும் ஸ்கேலர் சில்லுக்குப் பதிலாக அந்நிறுவனத்தின் தனி மின்சுற்றுப் பலகை பொருத்தப்பட்டது. திரையின் விலை கூடியது. பயனோ என்விடியா அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

ஏஎம்டி 2014 ஜனவரியில் ஃப்ரீசிங்க்கைக் காட்சிப்படுத்தியது. அதே ஆண்டு மே மாதத்தில், திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு, அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் இவ்வசதியை டிஸ்பிளேபோர்ட் 1.2ஏ தரத்தில் விருப்பத் தேர்வாகச் சேர்த்தது. இதற்குத் தனிப் பலகை தேவையில்லை. ஃப்ரீசிங்க் திரைகள் 2015-இல் விற்பனைக்கு வந்தன.

மதிப்பீடு

திறந்த தரம் நல்லது, மூடிய தொழில்நுட்பம் கெட்டது என்று இதைச் சுருக்கிவிட முடியாது. தன் பலகை பொருத்தப்பட்ட திரைகளை என்விடியா கடுமையாகச் சோதித்ததால் அவற்றின் தரம் சீராக இருந்தது. தொடக்ககால ஃப்ரீசிங்க் திரைகள் சிலவற்றிலோ இவ்வசதி 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே இயங்கியது. விளையாட்டின் வேகம் 48-க்குக் கீழே போனால் பழைய சிக்கல் திரும்பிவிடும். இதைச் சரிசெய்ய ஏஎம்டி 2015 இறுதியில் ஒரு மென்பொருள் வழியைத் தந்தது. ஆனால் அதற்குத் திரையின் உச்ச வீதம், கீழ் வீதத்தைப் போல் குறைந்தது 2.5 மடங்கு இருக்க வேண்டும். மேற்சொன்ன திரைகளுக்கு அது பயன்படவில்லை. நல்ல திரைக்கும் குறையுள்ள திரைக்கும் பெட்டியின் மேல் ஒரே பெயர்தான் இருந்தது.

எனினும் என்விடியா மீதான குற்றச்சாட்டே கனமானது. 2019 ஜனவரியில் அது ஒரு டிரைவர் மென்பொருளை வெளியிட்டு அடாப்டிவ்-சிங்க் திரைகளுக்கு ஆதரவு தந்தது. 2016-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை அட்டைகளிலும் அது வேலை செய்தது. அப்படியானால் அவ்வளவு காலமும் தடையாக இருந்தது வன்பொருளின் இயலாமை அன்று, வணிக முடிவே. பொதுவாக ஒரு திரை, வரைகலை அட்டையைவிட நீண்டகாலம் பயன்பாட்டில் இருக்கும். எனவே கூடுதல் விலை கொடுத்து ஜி-சிங்க் திரை வாங்கியவர் அடுத்த அட்டையையும் அதே நிறுவனத்திடம் வாங்க வேண்டிய நிலைக்கு ஆளானார்.

அப்போது 400 திரைகளைச் சோதித்ததாகவும் 12 மட்டுமே தேறியதாகவும் என்விடியா கூறியது. சோதித்தவரே போட்டியாளர் என்பதால் இந்த எண்ணை எச்சரிக்கையுடன்தான் கொள்ள வேண்டும். ஆனால் நடுநிலையான சோதனை இல்லாத இடத்தைத்தான் போட்டியாளர் நிரப்பினார். வெசா தனது தரச்சான்றிதழைக் கொண்டுவந்தது 2022-இல்தான். தரத்தை வகுத்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2024-இல் என்விடியா, மீடியாடெக் நிறுவனத்தின் ஸ்கேலர் சில்லுகளுக்குள்ளேயே ஜி-சிங்க்கைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. தனிப் பலகையின் தேவை அத்துடன் நீங்கியது.

இனி வருவது

இதே கதை டிஸ்பிளேபோர்ட் 2.1-இலும் தொடர்கிறது. ஏஎம்டி 2022-இல் ஆர்எக்ஸ் 7000 வரிசையில் இதைத் தந்தது. அதே ஆண்டு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை 1.4ஏ தரத்திலேயே நின்றது; 2025-இல் வந்த 50 வரிசையில்தான் அந்நிறுவனம் மாறியது. ஆனால் 2.1 என்ற ஒரே பெயருக்குள் நொடிக்கு 40, 54, 80 கிகாபிட் என வெவ்வேறு வேகங்கள் உள்ளன. ஃப்ரீசிங்க் பெட்டிகளில் நேர்ந்த அதே குழப்பம் இங்கும் நேரும்.

திறந்த தரம் வாங்குபவரை ஒரே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் கட்டாயச் சோதனை இல்லாமல் அது தரத்துக்கு உறுதி தராது. ஆகவே புதிய திரை வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள பெயரோடு நிற்காமல், புதுப்பிப்பு வீதத்தின் கீழ், மேல் எல்லைகளையும் இணைப்பின் உண்மையான வேகத்தையும் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.