வட்டத்துக்குள் வரும் ஊர்

கைபேசித் திரையில் ஒரு பூமி. அதன்மேல் பச்சைப் புள்ளிகள். நடுவில் ஒரு சிறு வட்டம். பூமியை விரலால் நகர்த்தி ஒரு புள்ளியை வட்டத்துக்குள் கொண்டுவந்தால் அந்த ஊர் வானொலி பாடத் தொடங்கிவிடும். றேடியோ கார்டன் என்ற செயலியின் வேலை இவ்வளவுதான். ஆனால் மொன்றியலை விட்டு அத்திலாந்திக்கைக் கடக்கும்போது காதில் ஒரு கரகரப்பு விழும் பாருங்கள், அதில்தான் இதைச் செய்தவர்களின் ரசனை இருக்கிறது. இணையத்தில் வரும் ஒலிக்கு இரைச்சல் கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் சட்டென்று நின்றுபோகும். இந்தக் கரகரப்பு வேண்டுமென்றே உள்ளே வைக்கப்பட்டது. சிற்றலையில் நிலையத்தைத் தேடித் தேடி முள்ளை மயிரிழையாக நகர்த்தியவர்களுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் இடையில் தூரம் இருக்கிறது என்பதைக் காதுக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

இதை 2016 டிசம்பரில் வெளியிட்டவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ஹில்வர்சம் நகரில் இருக்கும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்துக்காக ஜொனதன் பக்கி என்ற வடிவமைப்பாளரும் கூட்டாளிகளும் உருவாக்கியது. ஐரோப்பாவின் பழைய வால்வு வானொலிப் பெட்டிகளில், முள் ஓடும் கண்ணாடியில் ஊர்ப் பெயர்கள் அச்சிட்டிருக்கும். அதில் ஹில்வர்சமும் ஒன்று. அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கற்றதாலோ என்னவோ, செயலியைத் திறந்ததும் நீங்கள் யார், எந்த இசை பிடிக்கும், போன வாரம் என்ன கேட்டீர்கள் என்று விசாரணை எதுவும் இல்லை. எந்த ஊர் என்பது ஒன்றுதான் கேள்வி. நமக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்ப ஊட்டும் மற்றச் செயலிகளுக்கு நடுவில் இது ஒரு பெரிய மரியாதை.

மொன்றியலில் இருந்துகொண்டு இதைக் கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மார்க்கோனி கம்பெனியின் எக்ஸ்.டபிள்யூ.ஏ. நிலையம் இங்கேதான் இருந்தது. 1920 மே 20 அன்று இங்கிருந்து பாடிய பாட்டை ஒட்டாவாவில் றோயல் சங்கத்து அறிஞர்கள் கூடியிருந்து கேட்டார்கள். உலகின் முதல் ஒலிபரப்பு நிலையங்களில் ஒன்று என்று இந்த நகரம் உரிமை கொண்டாடுவது அதை வைத்துத்தான். 1945இல் தொடங்கிய கனடாவின் சர்வதேச வானொலிக்கும் தலைமையகம் மொன்றியல்தான். அதன் சிற்றலை 2012 ஜூனில் நின்றது, இப்போது இணையம் மட்டும். பி.பி.சி. தமிழோசையும் அப்படித்தான், 1941 மே மாதம் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் வந்து ஓய்ந்தது.

உள்ளூர் வானொலிகளையும் விட்டுவிடக் கூடாது. சி.பி.சி. 88.5இல் ஆங்கிலம், றேடியோ கனடா 95.1இல் பிரெஞ்சு, மக்கில் பல்கலைக்கழகத்தின் 90.3இல் எதுவும் வரும். பிரெஞ்சு நிலையங்கள் ஒலிபரப்பும் வெகுஜனப் பாடல்களில் நூற்றுக்கு 65 பிரெஞ்சுப் பாடலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். காரில் போகும்போது தானாகவே பிரெஞ்சு காதில் ஏறுவதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். ஆனால் நம் விரல் எங்கே நிற்கும்? மொன்றியலில் தமிழர் வாழும் பாக் விரிவாக்கத்திலும் கோத்-தே-நேஜிலும் எத்தனை வீடுகளில் அந்தப் பூமி கிழக்கே சுழல்கிறதோ!

சுழற்றினால் அகப்படுவது நாளைய காலை. குளிர்காலத்தில் மொன்றியலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும், சென்னைக்குந்தான், இடைவெளி பத்தரை மணி நேரம். கோடையில் ஒன்பதரை. இந்த அரை மணிதான் எப்போதும் கணக்கைக் குழப்பும். ஜனவரியில் இங்கே மாலை ஏழரைக்குப் புட்டை அவித்து இறக்கும்போது அங்கே காலை ஆறு. பக்திப் பாடல்கள் தொடங்கியிருக்கும். வெளியே இருபது பாகை உறைகுளிர், உள்ளே நாகஸ்வரம். ஒரு காலத்தில் டில்லித் தமிழ்ச் செய்தி என்றால் காலை ஏழேகால். அது இங்கே முதல்நாள் இரவு எட்டே முக்கால், பிள்ளைகளைப் படுக்கைக்கு விரட்டும் நேரம். இன்னும் வேடிக்கை ராசிபலன். வெள்ளிக்கிழமைப் பலனை வியாழன் இரவே கேட்டுவிடுகிறோம். சந்திராஷ்டமம் என்று தெரிந்தால் வேலைக்கு லீவு சொல்ல ஓர் இரவு முழுதும் கையில் இருக்கிறது. பத்தரைக்குப் பிடிக்கும் வெள்ளிக்கிழமை இராகுகாலம் இங்கே நள்ளிரவில் தொடங்கி நாம் தூங்கும்போதே கழிந்துவிடும்.

நான் நிறுத்தி நிறுத்திக் கேட்பது மரண அறிவித்தல். இலங்கை வானொலி வளர்த்தெடுத்த வடிவம் அது, ரொறன்ரோத் தமிழ் வானொலிகளும் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று ஒரே வாக்கியம் ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டு போகும். எழுதிக் கொடுத்த தாளில் மகள் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா என்றிருக்கும். அடைப்புக்குறியை எப்படி வாசிப்பது? நல்ல அறிவிப்பாளர் பெயரைச் சொல்லி, இம்மியளவு நிறுத்தி, குரலை ஒரு படி இறக்கிக் கனடா என்பார். பிறகு குரலை மேலே எடுத்து அடுத்த பெயர். பிரான்ஸ், ஒரு படி கீழே. நோர்வே, அதுவும் கீழே. உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கும் கடைசி வரியில்தான் குரல் சமதளத்துக்கு வரும். அழுகையைக் காட்டாமல், செய்தி வாசிப்பது போலவும் ஆகாமல், நடுவில் ஒரு தொனியைப் பிடித்து வைத்திருக்கிறார்களே, அது பெரிய வித்தை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலும் அந்த ஏற்றஇறக்கம் கெடுவதில்லை.

கெடுவது வேறு சில. கொஞ்சத் தரவில் நிறைய நேரம் ஓட்ட வேண்டும் என்று சில நிலையங்கள் ஒலியை வினாடிக்கு 32 கிலோபிட்டுக்குச் சுருக்கி அனுப்பும். பேச்சு பிழைத்துக்கொள்ளும். கச்சேரிதான் மாட்டிக்கொள்ளும். மேல்ஸ்தாயி அதிர்வுகளை முதலில் வெட்டுவதால் மிருதங்கத்தில் வலந்தலையின் கணீர் மழுங்கும், தொப்பியின் கும்கி மட்டும் தப்பும். பஜனைப் பாட்டில் ஜால்ரா தண்ணீருக்குள் தட்டியது போல ஆகிவிடும். 128 கிலோபிட்டில் வரும் நிலையத்தை ஹெட்போனில் கேட்டால் பாடகர் மூச்சு இழுப்பது வரை கிடைக்கும்.

தாமதம் என்று ஒன்றும் உண்டு. அறுந்துபோகாமல் இருக்க ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டுதான் செயலி பாடும். அதனால் சமையலறைக் கைபேசியும் படுக்கையறைக் கைபேசியும் ஒரே நிலையத்தை வைத்தாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நடைபாதையில் நின்றால் ஒரே பல்லவி இரண்டு முறை வரும். மணி காட்டும் பீப் ஒலியும் மணி கடந்த பிறகே வந்து சேரும். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், இந்தத் தாமதம் ஒரு மரபையே முடித்துவைத்திருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபை தரும் நேர ஒலியை சி.பி.சி. 1939 நவம்பர் 5 முதல் நாள்தோறும் பகல் ஒரு மணிக்கு ஒலிபரப்பியது. சில குறும் ஒலிகள், பத்து விநாடி மௌனம், பிறகு ஒரு நீள ஒலி. அது தொடங்கும் கணந்தான் சரியாக மணி ஒன்று. செய்மதியிலும் இணையத்திலும் கேட்பவர்களுக்கு அந்தக் கணம் பிந்திப் போவதால், தவறான நேரம் சொல்ல வேண்டாம் என்று 2023 அக்டோபர் 9இல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பத்து விநாடி மௌனம் எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போதெல்லாம் எந்த நிலையம் பத்து விநாடி சும்மா இருக்கத் துணியும்?

மொன்றியல் மெட்ரோவிலும் இப்போது இணையம் கிடைப்பதால் இந்த வானொலி அங்கும் கூட வருகிறது. நீலக் கோட்டின் பழைய ரயில் புறப்படும்போது மூன்று சுரங்கள் ஏறுமுகமாக எழும்பும். மோட்டருக்கு மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றும் கருவி தற்செயலாகப் பாடும் பாட்டு அது. ஊர்க்காரர் அதில் மயங்கி, புதிய ரயில்களில் கதவு மூடும் அறிகுறியாக அதையே பதிவுசெய்து போட்டிருக்கிறார்கள். காதில் தம்பூரா ஓடும்போது அந்த மூன்று சுரமும் வந்து விழுந்தால் சில நாள் சுருதி சேரும், சில நாள் சேராது.

உரிமப் பிரச்சினையால் 2022 முதல் பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு றேடியோ கார்டனில் பிரித்தானிய நிலையங்கள் மட்டுந்தான். லண்டன் உறவினரிடம் இதைச் சிபாரிசு செய்து ஏமாற்ற வேண்டாம். கனடாவில் அந்தத் தடை இல்லை. வீட்டு வைபையில் கேளுங்கள், 128 கிலோபிட் நிலையம் மணிக்குச் சுமார் 58 மெகாபைட் தின்னும். யாழ்ப்பாணத்தில் விடியும் நேரம் வேண்டுமானால் குளிர்காலத்தில் மாலை ஏழரை, மார்ச்சில் நேரம் மாற்றிய பிறகு எட்டரை.