அடுப்பில்லாத கவிதை

பாரதியின் கவிதைகளில் நாம் அதிகம் பேசாத ஒன்று 'குரு கோவிந்தர்'. 1699, ஆனந்தபூர். கூடியிருக்கும் கூட்டத்தின் முன்னால் குரு கோவிந்த் சிங் உருவிய வாளோடு நின்று உயிர் கேட்கிறார். ஒவ்வொருவராக ஐந்து பேர் எழுந்து போகிறார்கள். ரத்தம் தோய்ந்த வாளோடு அவர் திரும்பத் திரும்ப வெளியே வருகிறார். கடைசியில் ஐவரும் உயிரோடுதான் இருக்கிறார்கள், வெட்டுப்பட்டவை ஆடுகள். நம் சினிமாக்காரர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்களோ!

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் பேச்சு. இந்த நொடியிலிருந்து உங்களுக்குள் குல வேறுபாடு கிடையாது என்கிறார் குரு. 1882இல் எட்டயபுரத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இதைத் தமிழில் எழுதியது சின்ன விஷயமில்லை. (அவர் தலைப்பாகையும் சீக்கியரிடமிருந்து வந்ததுதான் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.) ஆனால் அந்த 'இந்த நொடி' இடிக்கிறது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே கட்டளையில் அழித்தது எங்காவது பேக்கப்பில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

சீக்கிய மரபுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. கோவிந்தருக்கு நூறு வருஷத்துக்கும் முந்தைய மூன்றாம் குரு அமர்தாஸ், தன்னைப் பார்க்க வருகிறவர் முதலில் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடணும் என்று வைத்தார். அக்பரும் அப்படி உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். காய் நறுக்குவது, எச்சில் தட்டு கழுவுவது, வந்தவர்களின் செருப்பை எடுத்து அடுக்குவது எல்லாமே சேவை. ஒருநாள் சபதத்தோடு முடிகிற காரியமில்லை, நாளைக்கும் பாத்திரம் கிடக்கும். இத்தனை தலைமுறை அப்படிச் செய்தும் பஞ்சாப் கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா இருக்கிறது என்பதையும் சொல்லியாகணும். பாரதியின் கவிதையில் வாள் இருக்கு, சபதம் இருக்கு. அடுப்பு இல்லை.

வெறும் கவிதைக் குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் பாரதியின் அதே மாவட்டத்தில் இன்று தமிழ்ச் சீக்கியர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடிக்காரரான வழக்கறிஞர் ஜீவன் சிங் 2023இல் சீக்கியரானார். அவரை ஈர்த்தது 2020-21இல் டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டம். நீ யார் என்று கேட்காமல் லங்கரில் சோறு போட்ட இடம் அது. சாதியிலிருந்து வெளியேற வழி தேடிய வேறு சிலரும் தலைப்பாகை கட்டினார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தென்மாவட்டங்களில் வேட்பாளர்களாகவும் நின்றார்கள்.

இந்தக் கரைக்கு மதமாற்றம் புதிதில்லை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு கிடைத்தது. சாதித்தலைவர் பதவியும் அவர்களோடு சேர்ந்தே கத்தோலிக்கமானது.

அதனால்தான் தமிழ்ச் சீக்கியர்களைப் பற்றி எனக்கு இருக்கிற கேள்விகள் வாளைப் பற்றியவை அல்ல. தூத்துக்குடியில் ஒரு லங்கர் நடந்தால் அடுப்படியில் யார் நிற்பார்கள்? பந்தியில் பக்கத்துத் தெருக்காரர் வந்து உட்காருவாரா? அடுத்த வாரமும் வருவாரா? பாரதியிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். கவிதை ஆனந்தபூரிலேயே நின்றுவிடுகிறது.