இணையப் பட்டியல்களும் தமிழ் அகரவரிசையும்

இணையத்தளம் ஒன்றன் வழிகாட்டலமைப்பு எளிதா என்பதை, வருவோர் தாம் நாடும் பக்கத்தை எத்தனை படிகளில் அடைகின்றனர் என்பதைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடுவர். பட்டியலின் வரிசை படிப்பவர் எதிர்பார்க்கும் வரிசைதானா என்பதும் அதே அளவு கருதத்தக்கது. தமிழ்ச் சொற்பட்டியல், நூற்பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை நோக்க இது விளங்கும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையை ஒட்டித் தமிழெழுத்துகளுக்கு இடமளித்தது. அதன்படி நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் நிற்கின்றன. வகரம் இவற்றின் பின் வருகின்றது. இக்குறியெண் வரிசையிலேயே சொற்களை அடுக்கின் விளைவு வருமாறு:

(1) மரபு வரிசை: அலை, அவல், அழகு, அளவு, அறம், அன்பு
(2) குறியெண் வரிசை: அன்பு, அறம், அலை, அளவு, அழகு, அவல்

இறுதியில் நிற்கவேண்டிய 'அன்பு' முதலிடம் பெறுகின்றது. மெய்யின் இடமும் மாறுகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் (1924–1936) 'அக்கம்' முன்னும் 'அகம்' பின்னும் வரும். குறியெண் வரிசையில் இது தலைகீழாகும்.

இக்குறை எளிதில் புலப்படாமைக்குக் காரணம் மொழியமைப்பிலேயே உள்ளது. ழ, ள, ற, ன ஆகியவை தமிழில் மொழிமுதலாக வாரா. எனவே, கிரந்த எழுத்துகளை விடுத்து நோக்கின், மொழிமுதல் எழுத்துகள் இருவரிசையிலும் ஒன்றே. முகப்பிலுள்ள எழுத்துப்பட்டை பிழையின்றித் தோன்றுதலால் அமைப்பாளர் நிறைவடைகின்றார். பிழையோ இரண்டாம் எழுத்தில் தொடங்குகின்றது. 'அன்பு' என்பதை அகரப் பகுதியின் இறுதியில் தேடிக் காணாதவர், அச்சொல் தளத்தில் இல்லை என்றே முடிவுசெய்வார்.

தேடுபெட்டி இருக்கப் பட்டியல் எதற்கு என வினவலாம். அது எழுத்துக்கூட்டை அறிந்தவர்க்கே முழுதும் பயன்படும். ழகர ளகர மயக்கமுடைய மாணவர்க்கும் தமிழைப் புதிதாகக் கற்போர்க்கும் பட்டியலே துணை.

குறியெண் வரிசை அகரவரிசையாகாது என்பதை ஒருங்குறி அமைப்பே உணர்ந்து, சொற்களை அடுக்குதற்குத் தனி நெறிமுறை வகுத்துள்ளது. தமிழுக்குரிய விதிகளும் கிடைக்கின்றன. அவற்றைக் கையாளுதலும், அகரம் போன்ற பெரும்பகுதிகளுக்கு இரண்டாம் எழுத்துப்பட்டை அமைத்தலும் வேண்டும். மேற்காட்டிய ஆறு சொற்களை இட்டுப் பார்த்தாலே ஒரு தளத்தின் நிலை தெளிவாகும்.