மண்சட்டிச் சோறு

ஜப்பானில் ரயிலடிக் கட்டுச்சோற்றுக்கு ‘எகிபென்’ என்று பெயர். உசுயி கணவாயின் கடும் ஏற்றத்துக்காகத் துணை எஞ்சின் பூட்ட யோகோகாவா நிலையத்தில் வண்டிகள் சற்றே தாமதித்த காலத்தில், 1958-இல் தோன்றி, அந்த மலைப்பாதை 1997-இல் மூடப்பட்ட பின்னும் அழியாது விற்பனையாகிவரும் ‘கமமேஷி’ என்னும் எகிபெனை, மாஷிகோ ஊர் மண்சட்டியோடு மடியில் ஏந்தியபோது, உள்ளங்கைகளில் பரவிய இளஞ்சூடே எனக்கு முதல் ருசியாயிற்று. மூடியைத் திறந்தால், சோயா மணக்கும் பழுப்புச் சோற்றின்மீது கோழித்துண்டு, மூங்கில் குருத்து, காளான், காடை முட்டை, பொன்னிறக் கஷ்கொட்டை ஒன்றே ஒன்று! அதைக் கடைசிவரை ஒதுக்கிவைத்திருந்து நிதானமாக ரசித்தேன். சோறு தீர்ந்தபின், வீட்டில் ஒருவருக்கு அரிசி பொங்கப் போதுமானதென்று பலரும் பிரியத்தோடு கொண்டுபோகும் அந்தச் சட்டி, என் பெட்டியிலும் துணிகளுக்கிடையே பத்திரமாகப் பிரயாணம் செய்தது.